ஐயாதுரை இறந்ததைச் சபை ஏற்றுக்கொண்ட விதம்

என் கணவர் ஐயாதுரை ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு இறந்தார். எங்கள் சபை அதைச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஐம்பத்தெட்டரை மணி நேரம் அவர் என்ன நிலையில் இருந்தார் என்பதில் சபையாருக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. நான் பக்கத்திலேயே இருந்தவள் என்பதால் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகும் ரோட்டை ஒட்டி, வேப்பமரங்களுக்குப் பின்னால் இருக்கும் சின்ன லுத்தரன் சபை. நற்கருணை எடுக்கும் அங்கத்தினர்கள் தொண்ணூற்றொரு பேர். அந்தக் கணக்கில் நான் சேர்த்தி இல்லை. அது ஏன் என்பது பின்னால் வரும். சபைக்குப் போதகர் சூர்யபிரகாஷ் ஐயா. அவருக்கு மேலே வட்டத் தலைவர், ஸ்ரீவில்லிபுத்தூரில். அவருக்கு மேலே தென்பாண்டி லுத்தரன் பேரவையின் பேராயர், வெளியூரில். அதற்கும் மேலே கர்த்தர். விண்ணப்பங்கள் இந்த வரிசைப்படிதான் போக வேண்டும் என்று விதி.

சண்டை ஒரு ஆணியில் ஆரம்பித்தது. பேராயரின் வண்ணப்படத்தை மூன்றடிக்கு இரண்டடி அளவில் எல்லா ஆலயத்திலும் மாட்ட வேண்டும் என்று பேரவையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. படமும் கூடவே வந்தது. எங்கள் கோயிலில் போதகர் உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் மார்ட்டின் லுத்தர் தொங்கிக்கொண்டிருந்தார். பழைய சுண்ணாம்புச் சுவர் இன்னொரு ஆணியைத் தாங்காது என்று கருத்தையா சொன்னார். அவர் சபைச் செயலாளர், இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம்.

அப்படியானால் லுத்தரைக் கொஞ்ச காலம் இறக்கி வைக்கலாம் என்றார் போதகர்.

"லுத்தர் பெரியவர்தான், யாரும் மறுக்கல. ஆனா அவர் ஊழியம் முடிஞ்சு போச்சு. பேராயர் இப்பப் பணியில இருக்காரு. பணியில இருக்கிறவருக்குத்தான் ஆணி."

"லுத்தரை இறக்குன கையால எனக்கு நற்கருணை அப்பமும் வேண்டாம், திராட்சரசமும் வேண்டாம்" என்றார் கருத்தையா.

அடுத்த மாதமே அவர், பேரவையை விட்டு விலகிச் சுதந்திர லுத்தரன் ஐக்கியத்தில் சேர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அங்கே படம் மாட்டச் சொல்வதில்லை, பிளக்ஸ் மட்டும்தான் என்றார். சபை இரண்டானது. விலக வேண்டும் என்றவர்களை ஊரார் 'போறவிய' என்றார்கள், மற்றவர்களை 'இருக்கிறவிய' என்றார்கள். ஏழு மாதம் கூட்டங்கள் நடந்தன. பேராயர் படம் ஆர்மோனியத்தின் மேல், முகம் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. இன்னொரு ஆணி அடித்துப் பார்ப்பது பற்றி மட்டும் யாரும் மறுபடி பேசவில்லை. லுத்தர் கோயில் கதவில் ஆணி அடித்து அறிக்கை மாட்டி ஆரம்பித்த கூட்டத்துக்கு இது அவ்வளவு கஷ்டமா என்று என் கணவர் ஒருதரம் கேட்டார். இரண்டு பக்கத்தாரும் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

என் கணவர் மில்லில் பிட்டராக இருந்தவர். இருபத்தொன்பது வருடம் கோயில் மணியை அடித்தவரும் அவர்தான். ஞாயிறு ஆராதனைக்கு ஒரு விதம், கல்யாணத்துக்கு ஒரு விதம். சாவுக்கு, இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு அளவு இடைவெளி. எண்ணிக்கை தவறாமல் இருக்கச் சட்டையின் வலது பையில் புளியமுத்து வைத்திருப்பார். ஒரு அடிக்கு ஒன்றாக இடது பைக்கு மாற்றுவார். எந்த வீட்டில் சாவு என்றாலும், யாரும் கேட்பதற்கு முன்னால் முத்துகளை எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சண்டை முற்றியபோது சமாதானப் பேச்சு நடந்தது. ஒரே ஒரு விஷயத்தில் உடன்பாடு ஏற்பட்டது. மணிக்கோபுரத்தின் சாவி போதகரிடம் இருக்கும், மணிக்கயிறு கருத்தையாவிடம் இருக்கும். எந்தத் தரப்பும் மணியடித்துத் தன் கூட்டத்தைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக. அதற்கு 'நிலைமை மாறாமை ஒப்பந்தம்' என்று பேர் வைத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்கள். என் கணவர் அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குக் கோபுரத்துக்கு அடியில் போய் நிற்பார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்துவிடுவார்.

விலகுவதற்கு மொத்த அங்கத்தினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தொண்ணூற்றொன்றில் அது அறுபத்தொன்று. போறவிய அறுபது பேர். இருக்கிறவிய முப்பது பேர். மீதி ஒருவர் என் கணவர்.

கருத்தையா வாரம் இரண்டு தரம் வந்தார். "அண்ணாச்சி, ஒரே ஒரு கையெழுத்து. சரித்திரம் ஒங்க கையில இருக்கு."

"ஏலே கருத்தையா, ஒன் கல்யாணத்துக்கு மணியடிச்சேன். ஒங்க அப்பா சாவுக்கு அடிச்சேன். சூர்யபிரகாஷ் ஐயா மகளுக்கு ஞானஸ்நானத்துக்கும் அடிச்சேன். இதுல எந்த அடி எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாதுல. கயிறக் குடு, பொறவு பேசுவோம்."

போதகர் வந்தபோது அவரிடம் என் கணவர் சாவியைக் கேட்டார். இரண்டும் கிடைக்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னார்: "எல்லாருக்கும் அடிச்சேன். எனக்கு மட்டும் அடிக்காம அனுப்பிராத, என்ன?" நான் மோர் ஊற்றினேன். சரி என்றோ, போங்க என்றோ சொன்னதாக ஞாபகம் இல்லை.

வாக்கெடுப்பு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபைப் பதிவேட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் மொத்தம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமைதான் அவர் எழுந்திருக்கவில்லை.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை. ஆட்டோ ஓட்டுகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் டாக்டரைக் கூட்டி வந்தார், ஐஸ்பெட்டிக்குச் சொன்னார், கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் ஷெரினுக்குப் போன் போட்டார். அவர் மனைவி ஹபீபுன்னிசா அடுப்பைப் பற்றவைத்தாள். ஏழு மணிக்குள் செய்ய வேண்டியது எல்லாம் முடிந்துவிட்டது. பிறகுதான் சபை வந்தது.

போதகர் வந்து ஐஸ்பெட்டியின் முன்னால் கண்ணை மூடி நின்றார். கண்ணைத் திறந்ததும் அவர் உதடு அசைந்தது. ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். தொண்ணூறில் மூன்றில் இரண்டு அறுபது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அறுபது பேர் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

"எப்போம்மா ஆச்சு?"

"காலையில அஞ்சரைக்கு ஐயா."

"அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துர வேண்டாம்."

"டாக்டர் பாத்துட்டுச் சர்டிபிகேட் குடுத்துட்டாவ ஐயா."

"டாக்டர் சரீரத்தப் பாக்காரு. சபை ஆத்துமாவப் பாக்குது. நம்ம அடக்கப் பதிவேட்டுல எழுதுற வரைக்கும் ஒரு விசுவாசி நம்ம கணக்குல உயிரோடதான் இருக்கான். அதுதான் நம்ம விசுவாசத்தோட அழகு. திங்கக்கிழமை அடக்கம் வச்சிக்கலாம்."

"மே மாசம் ஐயா. கரண்டு வேற நிக்காது. இன்னைக்கே வச்சிட்டா..."

"திங்கக்கிழமைன்னா எல்லாருக்கும் சௌகரியம்" என்றார். யார் அந்த எல்லாரும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் கருத்தையா தன் ஆட்கள் முப்பது பேரோடு வந்துவிட்டார். ஆள் உயர மாலை. கூடவே பிளக்ஸ். என் கணவருடைய படத்துக்குக் கீழே 'விடுதலையின் முதல் விதை' என்று போட்டிருந்தது. காலை எட்டு மணிக்கு யார் அதை அச்சடித்துக் கொடுத்தார்கள் என்று இன்றும் தெரியவில்லை.

"அண்ணாச்சி செத்தது வீண்போகாது அக்கா" என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "உசுரோட இருந்து செய்ய முடியாதத அண்ணாச்சி செத்துச் செஞ்சிட்டாவ. பன்னெண்டு மணிக்குள்ள எடுத்திருவோம். குழி வெட்டியாச்சு."

"வெட்டியாச்சா?"

"ஏழரைக்கே சுவர் வழியா ஆள் இறக்கிட்டேன்."

அவரைப் போல அக்கறையாக ஏற்பாடு செய்த ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்து வாசலைத் திறக்கப் போதகரின் அடக்க உத்தரவு வேண்டும். போதகர் போனை எடுக்கவில்லை. நேரில் போனவர்களிடம், இது வட்டத் தலைவர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் ஷெரின் வந்து சேர்ந்தாள். அவளை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் மைதீன் பிச்சையின் ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கணவர் வீட்டில் கிடக்கும்போது மனைவி ஆட்டோ ஏறுவதைத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் எல்லோருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

வட்டத் தலைவர் அறையில் நல்ல உறுதியான சுவர். பேராயர் படம் ஒன்று, பேராயரோடு தலைவர் கைகுலுக்கும் படம் ஒன்று, தலைவர் மட்டும் இருக்கும் படம் இரண்டு. மேசை மேல் ஒரு தட்டில் பால்கோவா.

"துக்கம் பெரிய துக்கம். எடுத்துக்கோங்க" என்று தட்டை நகர்த்தினார். எனக்குச் சர்க்கரை என்றேன். "அப்ப நல்லது" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

விஷயத்தைச் சொன்னேன். விதிப்புத்தகத்தை எடுத்து வெகுநேரம் புரட்டினார்.

"பாருங்கம்மா, நம்ம விதிகள்ல நித்திய ஜீவனுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. மரணத்துக்குத் தனியா இல்ல. முன்னோர்கள் அதுக்கு ஒரு தேவை வரும்னு நினைக்கல. இப்ப நான் அவசரப்பட்டு இவர் இறந்துட்டார்னு சொன்னா, நாளைக்கு எல்லாச் சபையிலயும் இதையே ஒரு முன்மாதிரியா வச்சிக்குவாங்க."

"எல்லாச் சபையிலயும் செத்துத்தான ஐயா போறாவ?"

"சாவுறது வேற. தேர்தல் வாரத்துல சாவுறது வேற." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். 'மரணம், விசாரணையில்' அப்படின்னு குறிச்சு வைக்கிறேன். ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல. நீங்க ஒரு விண்ணப்பம் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். கிளை நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், விண்ணப்பம் எழுதத் தெரியும். தலைவரின் உதவியாளர் பதிவேட்டில் தேடினார். பிறகு தலைவர் காதில் ஏதோ சொன்னார்.

"நீங்க நம்ம அங்கத்தினரே இல்லையேம்மா?"

உண்மைதான். நான் சாத்தூரில் வேறு திருச்சபையில் வளர்ந்தவள். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி வரும்போது, அங்கத்துவத்தை மாற்றிக்கொள்ள அந்தச் சபை கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்தை அப்போதிருந்த போதகர் கையில் கொடுத்தேன். அவர் மேசை இழுப்பறையில் போட்டார். அதன் பிறகு ஒன்பது போதகர்கள் வந்தார்கள். "பாப்போம்மா" என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். நற்கருணை கொடுத்தார்கள், பாடகர் குழுவில் பாட விட்டார்கள், பண்டிகைக்கு முன்னால் கோயில் கழுவக் கூப்பிட்டார்கள். பேர் மட்டும் எழுதவில்லை.

"அங்கத்தினர்தான் விண்ணப்பம் குடுக்க முடியும். குடும்பத்துல வேற யாரு இருக்கா?"

"மக கோயம்புத்தூர் சபைக்கு மாத்திட்டா. எங்க வீட்டுல அவிய ஒருத்தர்தான் அங்கத்தினர்."

தலைவர் முகம் தெளிந்தது. "அப்ப அவரே குடுக்கலாமே. அவர் பேர் இன்னும் நீங்கல, உரிமை இருக்கு. கையெழுத்துப் போட முடியலன்னாலும் பரவாயில்ல, பெருவிரல் ரேகை போதும். ரெண்டு சாட்சி வேணும்."

நான் அவரையே பார்த்தேன். அவர் கேலி செய்யவில்லை. உதவி செய்துகொண்டிருந்தார்.

வெளியே மைதீன் பிச்சை ஆட்டோவில் சாய்ந்து நின்றார். "என்னக்கா சொன்னாவ?"

"ஒங்க அண்ணன்கிட்ட கைநாட்டு வாங்கிட்டு வரணுமாம்."

அவர் ஆட்டோவைக் கிளப்பினார். கண்மாய்க்கரை தாண்டியதும் திரும்பாமலே கேட்டார்: "அக்கா, அவிய நெசமாத்தான் சொன்னாவளா?"

"ரெண்டு சாட்சியும் வேணுமாம்."

"அல்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு கூட்டமும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. போறவிய பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து அடக்க ஆராதனைப் பாட்டுகளாகப் பாடினார்கள். இருக்கிறவிய கால்மாட்டுப் பக்கம் அமைதியாக இருந்தார்கள். அழுதால் அது ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று போதகர் அவர்களிடம் சொல்லியிருந்தார். அவர்களில் பிச்சையம்மாள் என்ற பெண், என் கணவர் மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தவள். பாவம், சேலையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

பதினொரு மணிக்குப் போதகர் அங்கி மாட்டிக்கொண்டு வந்தார். கையில் நோயாளிகளைச் சந்திக்கும்போது வாசிக்கும் சின்னப் புத்தகம். "பலவீனமாயிருக்கிற எங்கள் சகோதரர் ஐயாதுரையை..." என்று ஜெபத்தை ஆரம்பித்தார். தலைமாட்டுக்காரர்கள் குரலை உயர்த்தினார்கள். இவரும் உயர்த்தினார். ஒரே பெட்டிக்கு ஒரு பக்கம் வழியனுப்பும் பாட்டு, மறுபக்கம் சுகம் கேட்கும் ஜெபம். நடுவில் ஐஸ்பெட்டியின் மோட்டார். எனக்கு ஒரு கணம், இவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் "சும்மா இருங்கல" என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. அப்படிச் சொல்லியிருந்தால் இருக்கிறவிய ஜெயித்திருப்பார்கள்.

ஜெபம் முடிந்ததும் போதகர் ஷெரினைப் பார்த்து, "அப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டார். நோயாளி சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி அது. பழக்கத்தில் வந்துவிட்டது.

ஷெரின் எழுந்தாள். "செத்துட்டாவ. நேத்துல இருந்து செத்துக்கிட்டே இருக்காவ. ஐயா, ஒங்களுக்கு வெக்கமா இல்லியா? கருத்தையா மாமா, ஒங்களுக்கும்தான்! எங்கப்பாவ எடுத்துட்டுப் போயி வேற எங்கயாவது பொதைக்கோம். முனிசிபாலிட்டி எடத்துல பொதைக்கோம்."

வாசலில் நின்ற மைதீன் பிச்சை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீய. நான் வேணா எங்க ஜமாத்துல பேசிப் பாக்கட்டா? எங்க முறைப்படி முடியாது, தெரியும். ஓரமா ஒரு எடம் கேட்டா மனுசங்க இல்லன்னு சொல்ல மாட்டாவ."

போதகரும் கருத்தையாவும் ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு போதகர் மெல்ல விதிப்புத்தகத்தைத் திறந்தார். வேறு இடத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் அன்றே சபையிலிருந்து நீங்கியவராகக் கருதப்படுவார் என்று அதில் ஒரு வரி இருந்தது. எப்படியும் தொண்ணூறு. அவர் முகம் வெளுத்தது. மறுநாள் வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். கையில் பழுப்பேறிய ஒரு காகிதம், இரண்டு பதிவேடுகள். அந்தக் காகிதத்தை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டிருப்பேன். சாத்தூர்ச் சபை முத்திரை, ஓரத்தில் என் அப்பா கையெழுத்து.

"இழுப்பறையிலதாம்மா இருந்திருக்கு. நாப்பத்தோரு வருசமா யாரும் கவனிக்கல. என் மனசே கேக்கல. இந்தத் துக்கத்துல சபை ஒங்கள அரவணைக்கணும்."

கருத்தையாவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. "இது அநியாயம்! ஒரு ஆளு போறதுக்கு இன்னொரு ஆளையா வைக்கிறிய?"

"சபை வளர்றது ஒங்களுக்குப் பிடிக்கலையா?" என்றார் போதகர்.

மூன்றரை மணிக்கு என் பேரை அங்கத்தினர் பதிவேட்டில் எழுதினார். நாலு மணிக்கு அடக்கப் பதிவேட்டில் அவர் பேரை எழுதினார். நடுவில் அந்த அரை மணி நேரம் சபையில் தொண்ணூற்றிரண்டு பேர் இருந்தோம். நாற்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் நானும் அவரும் ஒரே சபையின் அங்கத்தினர்களாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான். நான் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கல்லறைக்குக் கிளம்பும்போது மணியடிக்கச் சொன்னேன். ஒப்பந்தம் இருக்கிறதே என்றார் போதகர். அவர் சாவியைக் கொடுக்காமல் நான் எப்படிக் கயிற்றைக் கொடுப்பது என்றார் கருத்தையா. அவருடைய எழுபத்தொரு வயதுக்கு எழுபத்தொரு முத்துகளைச் சட்டைப்பையில் எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்ப ஆள் இல்லை. இருபத்தொன்பது வருடம் எல்லோருக்கும் மணியடித்தவர் சத்தமில்லாமல் போனார். மைதீன் பிச்சைதான் முதல் பிடி மண் போட்டார். சபையார் எந்தத் தரப்பு முதலில் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போதகர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "நாளைக்குக் கூட்டத்துக்கு வரணும்னு அவசியம் இல்லம்மா. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்." அவர் சொன்னது சரி. மொத்தம் மறுபடி தொண்ணூற்றொன்று. அறுபத்தொன்று வேண்டும், அவர்களிடம் அறுபதுதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். அவரை எதற்காகச் சபை மூன்று நாள் உயிரோடு வைத்திருந்ததோ, அதே வேலைக்குத்தான் என்னையும் எடுத்திருந்தது.

அன்று சாயங்காலம் அவருடைய முத்து டப்பாவை எடுத்து எண்ணினேன். எழுபத்தொன்று எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வட்டத் தலைவரே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து மேடையில் உட்கார்ந்தார். முதலில் ஒற்றுமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். "பேரவை ஒரு குடும்பம். குடும்பத்துல யார் வேணும்னாலும் வெளிய போகலாம். ஆனா வீடு, கல்லறை, மணி, பெஞ்சு, ஆர்மோனியம் எல்லாம் குடும்பத்துக்குத்தான் சொந்தம்." அடுத்து கருத்தையா, "எங்களுக்குப் பதவி ஆசை கிடையாது. புது ஐக்கியத்துல எனக்கு வட்டத் தலைவர் பொறுப்பு தாரோம்னாங்க, அதைக் கூட நான் இன்னும் முழுசா ஏத்துக்கல" என்றார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். அறுபது கை. மறுத்து முப்பது கை.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுந்தேன். "நான் சொல்லுதேன். அதுக்கு முந்தி அவியளுக்கு மணியடிக்கணும். எழுபத்தொண்ணு."

வட்டத் தலைவர் அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். நான் உட்காரவில்லை. கருத்தையாதான் முதலில் நகர்ந்தார். கயிற்றைக் கொண்டு வந்துவிட்டால் என் வாக்கு அவருக்கு என்று நினைத்திருப்பார். கயிற்றோடு அவர் ஓடி வருவதைப் பார்த்ததும் போதகர் சாவிக்கு ஓடினார். மணி அடிக்காத கோபம் எந்தப் பக்கம் விழும் என்பது அவருக்கும் தெரியும். ஏழு மாதமாகப் பதினாறு சிட்டிங் பேசியும் சேராத சாவியும் கயிறும் ஆறு நிமிடத்தில் சேர்ந்தன.

யார் அடிப்பது என்பதில் இன்னொரு பேச்சுவார்த்தை. ஆளுக்கு ஒரு அடி, மாறி மாறி என்று முடிவானது. இந்தப் பக்கம் ஒருவர் இழுத்துவிட்டுத் தள்ளி நிற்க, அந்தப் பக்கம் ஒருவர் வந்து இழுத்தார். நான் கோபுரத்துக்கு அடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு அடிக்கு ஒரு முத்தாக மடியில் போட்டேன். ஆரம்பத்தில் அடிகள் தாறுமாறாக விழுந்தன. இழுக்கத் தெரியவில்லை யாருக்கும். இருபதுக்குப் பிறகு கொஞ்சம் சீரானது. நாற்பதில் பிச்சையம்மாள் வாயிலிருந்து சேலையை எடுத்துவிட்டு ஓவென்று அழுதாள், யாரும் தடுக்கவில்லை. கருத்தையா தன் முறை வந்தபோது இழுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அவர் அப்பாவுக்கு எண்பத்து நாலு அடி. எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

எழுபது ஆனதும் கயிறு நின்றுவிட்டது. இரண்டு தரப்புக்கும் முப்பத்தைந்து, முப்பத்தைந்து. கையில் ஒரு முத்து மீதி இருந்தது.

"கடைசி அடி முதல்ல ஆரம்பிச்சவங்களுக்குத்தான் வரும்" என்றார் கருத்தையா.

"கடைசி அடி போதகருக்குரியது" என்றார் போதகர்.

"ஒத்தைப்படையா இருக்கதால எழுபதோட நிறுத்திக்கலாமே, நியாயமா இருக்கும்" என்றார் வட்டத் தலைவர்.

நான் எழுந்து போய்க் கயிற்றை வாங்கினேன். கொடுத்துவிட்டார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உடம்பை முழுதாகச் சாய்த்தால்தான் மணி அசைந்தது. எழுபத்தொன்று. சத்தம் வேப்பமரங்களைத் தாண்டிப் போய் அடங்கும்வரை நின்றேன்.

"இப்பச் சொல்லுங்கம்மா" என்றார் வட்டத் தலைவர். தொண்ணூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடைசி அங்கத்தினர் யோசித்துக்கொண்டிருப்பதால் வாக்கெடுப்பை முடிக்க விதியில் இடம் இல்லையாம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இன்றுவரை ஒத்திவைப்பில்தான் இருக்கிறது. இதற்குள் பேராயர் மாறிவிட்டார். புதியவர் படம் அதே அளவில் வந்து பழையவர் மேல் சாய்ந்திருக்கிறது. லுத்தர் அதே ஆணியில் இருக்கிறார். கயிறு என்னிடம் இருப்பதால் ஞாயிறு காலையில் நான்தான் மணியடிக்கிறேன். சாவியைப் போதகர் தானே கொண்டு வந்து தருகிறார். எனக்குக் கோபம் வந்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருக்கிறார்.

இரண்டு தரப்பும் என் உடம்பைப் பற்றி விசாரிக்கின்றன. நான் போய்விட்டால் மொத்தம் தொண்ணூறு ஆகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருக்கிறவிய வாரம் ஒருதரம் நர்ஸை அனுப்பி பிரஷர் பார்க்கிறார்கள், கேழ்வரகுக் கூழ் கொண்டு வருகிறார்கள், நான் ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கருத்தையா செவ்வாய்க்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைக் கிலோ பால்கோவா வாங்கி வருகிறார். எனக்குச் சர்க்கரை என்பது அவருக்குத் தெரியும். நான் அதை அப்படியே ஹபீபுன்னிசாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு இப்போது அறுபத்தெட்டு. டப்பாவிலிருந்து எண்ணிப் பார்த்தேன். இரட்டைப்படை, தரப்புக்கு முப்பத்து நாலு அடி. கடைசி அடிக்கு மூன்றாவதாக ஒரு ஆளைத் தேட வேண்டியிருக்காது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மார்ச் வந்தால் அறுபத்தொன்பது ஆகும், ஒற்றைப்படை. அதுவரைக்கும் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.